பதினாறு படங்கள், ஒரு கட்டைவிரல்

வேலியே இல்லாத நிலத்தில் நீங்கள் எப்போதாவது போய் இறங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் வேலியாகவே வந்து நிற்கும் அந்த மனிதரையும் சந்தித்திருப்பீர்கள். உட்டாவின் மேட்டுப் பாலைவனமாகட்டும், நெவாடாவின் உப்புச் சமவெளியாகட்டும், வாடகை கேட்காத, குழாய் இல்லாத, கழிப்பறை இல்லாத, ஏனென்று கேட்க ஆளில்லாத பொது நிலம் எங்கே உண்டோ அங்கே அவர் உண்டு. நீங்கள் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, மூச்சை ஒருமுறை நன்றாக இழுத்துவிட்டு, 'அப்பாடா, ஒரு ஜீவன் இல்லை' என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு நாய் வரும். நாயின் பின்னால் கயிறு வரும். கயிற்றின் பின்னால் அவர் வருவார்.

அவருக்குச் சம்பளம் கிடையாது. சீருடை கிடையாது. யாரும் அவரை நியமிக்கவில்லை. நியமிக்கப்படாத உத்தியோகத்தில் விடுப்பு எடுக்க முடியாது என்பதுதான் அவருடைய துயரம்.

ஹார்லன் ப்ரூயிட் இந்த இனத்தின் உயர்ந்த மாதிரி. ஃபீனிக்ஸ் நகரில் மூன்று படுக்கையறை வீடு, அதற்குப் பூட்டு, பூட்டுக்கு மேல் அலாரம். ஓய்வு பெற்ற பிறகு, முப்பதடி நீள டிரெய்லர் வீட்டைப் பிக்கப் வண்டியில் பூட்டிக்கொண்டு, மனைவி வெர்னாவையும் பிஸ்கட் என்ற நாயையும் கூட்டிக்கொண்டு, சுதந்திரத்தைத் தேடிக் கிளம்பியவர். சுதந்திரம் கிடைத்தது. அதை மற்றவர்கள் அளவுக்கு மீறி அனுபவித்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் கூடவே கிடைத்தது.

இடுப்பில் அளவு டேப் தொங்கும். எதற்கு? ஓடையிலிருந்து இருநூறு அடி தள்ளித்தான் முகாம் போட வேண்டும் என்பது விதி. நீங்கள் நூற்றுத் தொண்ணூற்றாறில் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைப்பீர்கள். ஹார்லனுக்குத் தெரியும். டேப்பின் ஒரு முனையை உங்கள் கையிலேயே பிடிக்கக் கொடுத்து, உங்கள் குற்றத்தை உங்களைக் கொண்டே அளப்பார். பாத்திரம் கழுவிய தண்ணீரைப் புதரில் கொட்டினால் மோப்பம் பிடிப்பார். அடுப்புக்குப் போட்ட குச்சி விழுந்து காய்ந்ததா, ஒடித்ததா என்று முறித்துப் பார்ப்பார். பழைய சக்கரத் தடத்தில் வந்தீர்களா, புதுத் தடம் போட்டீர்களா என்று மண்ணைக் குனிந்து படிப்பார். எல்லாம் முடிந்தபின், சிரித்த முகத்தோடு ஒரே வாக்கியம் சொல்வார்: "ரூல் நான் போடல. எடுத்துச் சொல்றேன், அவ்வளவுதான்."

விதிகளைப் பழிக்க வேண்டாம். ஓடையை ஒட்டி வண்டிகள் நின்றால் மான் எங்கே போய்த் தண்ணீர் குடிக்கும்? காற்றடிக்கும் நாளில் நெருப்பு மூட்டக் கூடாது என்பதில் என்ன தவறு? விதிகள் பெரும்பாலும் நியாயமானவை. வந்து சொல்கிறவரின் முகத்தில் தெரியும் அந்த ஆனந்தம்தான் சகிக்கவில்லை.

அந்த ஆனந்தத்தின் உச்சம் பதினான்கு நாள் விதி. ஒரே இடத்தில் பதினான்கு நாள் தங்கலாம். பிறகு இருபத்தைந்து மைலாவது தள்ளிப் போய்விட வேண்டும். எல்லோருக்கும் சொந்தமான நிலத்தை எவரும் தனக்கே என்று ஆக்கிக்கொள்ளக் கூடாது என்பது நோக்கம். நல்ல நோக்கம். ஆனால் கவனித்தீர்களா, இதே பதினான்கு நாள் மூன்று படுக்கையறை வீடு உள்ளவருக்கு விடுமுறை. வண்டியைத் தவிர வேறு கூரை இல்லாதவருக்குத் தவணை. முதலாமவர் இயற்கையை ரசிக்கிறார். இரண்டாமவர் 'ஆக்கிரமிக்கிறார்'. வானம் இருவர் தலைக்கும் மேல் ஒன்றாகத்தான் இருக்கிறது. பெயர் மட்டும் மாறிவிடுகிறது.

அந்த வசந்தத்தில் ஹார்லன் வந்து சேர்ந்து ஐந்து நாள் கழித்து, நூறு கஜம் தள்ளி, ஒரு ஜூனிப்பர் மரத்தடியில், பழைய சிவப்பு வேன் ஒன்று வந்து நின்றது. அதில் இருந்தவர் யோலண்டா எஸ்பார்சா. பன்னிரண்டு மைல் தூரத்து ஊரில், பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. வாடகை ஏறியது, வீட்டுக்காரர் மாறினார், யோலண்டா வேனுக்கு வந்தார். இதில் ரகசியம் ஒன்றுமில்லை. அந்த ஊரில் பாதிப் பேருக்கு இதுதான் கதை.

மறுநாள் முதல் என்றுகூடச் சொல்லக் கூடாது, வந்த அன்று மாலையே ஹார்லன் தன் மடக்கு நாற்காலியில் சாய்ந்து, ஐஸ்பெட்டியின் மேல் கால்களை நீட்டி, கைப்பேசியைத் தூக்கிச் சிவப்பு வேனைப் படம் எடுத்தார். அடுத்த நாள் மாலை ஐந்து மணிக்கு இன்னொன்று. அதற்கடுத்த நாள் இன்னொன்று.

"எதுக்கு இப்ப அந்தப் பொண்ணு வண்டியப் படம் பிடிக்கற?" என்றார் வெர்னா.

"தேதியோட விழும். நாளைக்குப் பேச்சு வந்தா சாட்சி வேணுமில்ல?"

"பேச்சு எங்கேருந்து வரும்? நீதானே கொண்டு வரணும்?"

"பொது நிலம் வெர்னா. எல்லாரும் இப்படிக் கண்ண மூடிக்கிட்டா என்ன ஆவுறது?"

"சரி, நாம வந்து எத்தன நாள் ஆச்சு?"

இந்தக் கேள்விக்கு ஹார்லனிடம் தயாராகப் பதில் இருந்தது. இந்த இனம் தனக்கென்று வரும்போது சட்டத்தை எவ்வளவு கனிவாகப் படிக்கும் என்பதை நீங்கள் கேட்டுத்தான் ஆக வேண்டும். "போன சனிக்கிழமை ஊருக்குப் போய் காப்பித்தூள் வாங்கிட்டு வந்தோம்ல? போயிட்டுத் திரும்பி வந்தா புதுசா வந்த மாதிரிதான். அதுலேருந்து எண்ணணும்."

"அப்போ அவ தினம் வேலைக்குப் போயிட்டு வராளே?"

"அது வேற. அது பழக்கம்."

பன்னிரண்டாம் நாள் சிவப்பு வேன் இருமியது. எஞ்சினைக் குளிர்விக்கும் பச்சைத் தண்ணீர் கீழே ஒழுகியது. நின்றுவிட்டது. யோலண்டா விடியுமுன் அரை மைல் நடந்து நெடுஞ்சாலைச் சந்திக்குப் போய், கூட வேலை செய்யும் ஒருத்தியின் காரில் தொற்றிக்கொண்டு வேலைக்குப் போகத் தொடங்கினார். பதினான்காம் நாள் மாலை நாய் வந்தது. கயிறு வந்தது.

"ஏம்மா, இன்னையோட பதினாலு. உனக்குத் தெரியுமோ என்னவோன்னுதான் வந்தேன்."

"தெரியும் சார். உங்க நாய்கூட நேத்து வந்து எண்ணிட்டுப் போச்சு."

"வண்டிய எப்ப எடுக்கப்போற?"

"அது எப்ப எந்திரிக்குதோ அப்ப. வாட்டர் பம்ப் போயிடுச்சு. திங்கக்கிழமைதான் வருமாம்."

"ரூல்ல பம்ப்பப் பத்தி ஒண்ணும் எழுதலையே."

"அப்போ அந்த ரூலையே கூட்டிட்டு வாங்க சார், பின்னாடி நின்னு தள்ளட்டும். மூணு டன் வண்டி."

வாய் சிரித்ததே தவிர, அன்றிரவு யோலண்டா தூங்கவில்லை. புகார் போனால் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். நகராத வேனை இழுத்துப் போவார்கள். இழுத்த கூலியும் நிறுத்திய கூலியும் கட்டும்வரை பூட்டி வைப்பார்கள். மற்றவருக்கு அது வண்டி. அவருக்குப் படுக்கை, அடுப்பு, துணிமணி, மாலையில் திரும்பிப் போக ஓர் இடம். வேறெங்காவது ஒண்டிக்கொண்டாலும், காலை ஐந்தரைக்கு முந்நூறு பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு எந்தச் சந்தியில் நின்று யார் காரில் ஏறுவது?

பதினாறாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, பொது நிலத்தைக் கண்காணிக்கும் ரேஞ்சர் காரீன் தன் வாரச் சுற்றில் வந்தார். யோலண்டா அப்போதுதான் வேலை முடிந்து வந்து, வேன் படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தார். தூசி தெரிந்ததுமே ஹார்லன் செருப்பை மாட்டிக்கொண்டு பாதைக்கு ஓடி, இரண்டு கைகளையும் ஆட்டி வண்டியை நிறுத்தினார். ரேஞ்சர் இறங்கி, சிவப்பு வேனைப் பார்த்தார். யோலண்டா எழுந்து நின்றார், ஒரு காலில் காலணி, ஒரு காலில் இல்லை.

"ஆபீசர், பேச்சே வேணாம். படம் இருக்கு." ஹார்லன் கைப்பேசியை நீட்டினார்.

காரீன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். பதினாறு மாலை. பதினாறு சிவப்பு வேன்.

"தினமும் நீங்களே எடுத்தீங்களா சார்?"

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு. ஒருநாள் தவறல."

"இதே எடத்துலேருந்தா?"

"இதே நாற்காலி! கோணம் மாறிட்டா அப்புறம் சாட்சி நிக்காதுல்ல?"

"ரொம்பக் கவனமாத்தான் செஞ்சிருக்கீங்க." காரீன் ஒரு படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கினார். வேன் திரையை விட்டு ஒதுங்கியது. கீழ் மூலையிலிருந்து ஐஸ்பெட்டி வந்தது. அதன் மேல் ஒரு வெறுங்கால். டிரெய்லரைத் தூக்கும் ஜாக்கி விழுந்து நகம் கறுத்துப்போன ஒரு கட்டைவிரல். அடுத்த படத்திலும் கட்டைவிரல். அதற்கடுத்ததிலும். பதினாறிலும்.

காரீன் மெதுவாகத் தலையைக் குனிந்து ஹார்லனின் செருப்பைப் பார்த்தார். செருப்புக்குள் கட்டைவிரல் மடங்க முயன்றது. கட்டைவிரலுக்கு எங்கே போக வழி?

"அப்போ நீங்களும் பதினாறு நாளா இங்கதான் இருக்கீங்க."

"அது வந்து… நாங்கதான் முதல்ல வந்தோம் ஆபீசர். அவளுக்கு அஞ்சு நாள் முன்னாடியே!"

"கடவுளே," என்றார் வெர்னா. "அந்த வாயக் கொஞ்சம் மூடேன்."

"நடுவுல ஊருக்குப் போய் காப்பித்தூள் வாங்கினோமே?"

"காப்பித்தூள் வாங்கினா நாள் கரையாது சார். வீட்டோட கெளம்பி இருபத்தஞ்சு மைல் போகணும். உங்களுக்குத் தெரியாததா?"

பிறகு காரீன் ஜூனிப்பர் மரத்தடிக்குப் போனார். குனிந்து வேனின் அடியைப் பார்த்தார். மண்ணில் பச்சைக் கறை காய்ந்திருந்தது. என்ன கோளாறு, எப்போது சரியாகும் என்று இரண்டே கேள்வி கேட்டார். புத்தகத்தில் எழுதி, தாளைக் கிழித்துக் கொடுத்தார். "செவ்வாய்க்கிழமை மதியம் வரைக்கும். கண்ணாடியில ஒட்டி வச்சிடுங்க. ஓடாத வண்டிய ஓட்டிட்டுப் போன்னு சொல்ற சட்டம் எங்ககிட்ட இல்ல."

யோலண்டா தாளை வாங்கிக்கொண்டார். மறுபடி படியில் உட்கார்ந்தார். இன்னொரு காலணியைக் கழற்ற வெகுநேரம் ஆயிற்று.

இங்கே ஹார்லனுக்கு ஓர் எண்ணம் பிறந்தது. "ஆபீசர், யோசிச்சுப் பார்த்தா என் வண்டியிலகூட ஒரு கோளாறு மாதிரி…"

"கோளாறு வண்டியில இல்லம்மா," என்றார் வெர்னா, ரேஞ்சரிடம். "வண்டி நல்லா ஓடும். நாளைக்கு மதியத்துக்குள்ள கெளம்பிடறோம்."

மறுநாள் காலை டிரெய்லரைப் பூட்டப் பிக்கப்பைப் பின்னால் எடுக்கும்போது, சரியான இடம் காட்ட ஆள் வேண்டியிருந்தது. வெர்னா நாயைப் பிடித்திருந்தார். சனிக்கிழமையானதால் யோலண்டா இருந்தார். அவரே வந்து பின்னால் நின்று, "வாங்க… வாங்க… இன்னும் ரெண்டடி… போதும், போதும்!" என்று கை காட்டினார். கொக்கி உட்கார்ந்தது. ஹார்லன் நன்றி சொல்லலாமா என்று சற்று யோசித்தார். டேப் எடுத்து அளக்காமலே அவர் நம்பிய முதல் இரண்டடி அதுதான்.

"சார்," என்றார் யோலண்டா, "போற எடத்துல முதல் நாளே ஒரு படம் எடுத்துக்குங்க. கைப்பேசியத் திருப்பிப் பிடிச்சு."

ஹார்லன் போனார். மைல் காட்டும் எண்ணைப் பார்த்துக்கொண்டே போய், சரியாக இருபத்தைந்தாம் மைலில் நிறுத்தினார். ஒரு கஜம் கூடுதல் இல்லை. அங்கே ஏற்கெனவே ஒரு நீலக் கூடாரம் இருந்தது. நாய் வாலை ஆட்டியது.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒரு சின்ன விசாரணை. பதினாறும் ஐந்தும் இருபத்தொன்று என்று ரேஞ்சர் வருவதற்கு வெகு முன்பே நீங்கள் மனதுக்குள் கூட்டி முடித்துவிட்டீர்கள், இல்லையா? ஹார்லனின் நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு, எப்போது மாட்டுவார் என்று சாய்ந்து உட்கார்ந்து காத்திருந்தீர்கள். காத்திருந்தபோது முகத்தில் ஓர் ஆனந்தம் வந்ததே, அதை எங்கேயோ பார்த்த ஞாபகம் இருக்கிறதா? எதற்கும் ஒருமுறை கீழே குனிந்து பாருங்கள். உங்கள் கட்டைவிரலும் படத்தில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.