எங்கட கடை

தொலைபேசியை வைத்தபோது மகேசன் ஒரு பீட்சாக் கடைக்கு முதலாளி ஆகியிருந்தார். கூடவே, ஆக்லாந்து வாரியர்ஸ் ரக்பி அணியில் விளையாடும் சொந்தக்காரப் பெடியன் ஒருவனும் அவருக்குக் கிடைத்திருந்தான்.

இரண்டையும் அவர் கேட்டு வாங்கவில்லை.

"என்னவாம்?" அடுப்படியிலிருந்து செல்வநாயகி கேட்டார்.

"வெள்ளிக்கிழமை சிட்னியில இருந்து வருகினமாம். தவராசாவும் மனிசியும்."

"நல்ல விசயம்தானே! பிறகேன் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நிக்கிறியள்?"

மகேசன் ரிசீவரை இன்னொரு தரம் நேராக்கி வைத்தார். யாழ்ப்பாணக் கச்சேரி எனும் அரசாங்க அலுவலகத்தில் தலைமை எழுதுநராக இருந்தவர் அவர். எழுதிய வரியை அடித்துத் திருத்திய வழக்கம் அவரிடம் கிடையாது. சொன்ன சொல்லைத் திருப்பி எடுத்த வழக்கம் அவருடைய குடும்பத்திலேயே கிடையாது. ஆக்லாந்தின் புறநகரான ரானுயிக்கு வந்து ஆறு வருடமாகியும், ஞாயிற்றுக்கிழமைகளில் மூலைக்கடைக்குப் பால் வாங்கப் போவதென்றாலும் கோட்டைப் போட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டுதான் போவார்.

எல்லாம் ஒரு மாதத்துக்கு முன் தொடங்கியது. தூரத்து உறவான தவராசா தொலைபேசியில், "எங்கட டொக்டர் பெடியன் பார்த்துப்போட்டுச் சொன்னவன், எனக்குப் பிறஷர் நல்லாக் குறைஞ்சிட்டுதாம்" என்றார். மற்ற ரிசீவரில் கேட்டுக்கொண்டிருந்த செல்வநாயகி, "உங்கட மகன் டொக்டரோ? கலியாணம் முடிச்சிட்டாரோ?" என்று இடையில் புகுந்தார். "ஓம்... இன்னும் இல்லை" என்று இரண்டுக்கும் சேர்த்துத் தவராசா பதில் சொன்னார். இரண்டு வாரத்தில் மகனின் படம் வந்தது. பெடியன் வெள்ளை உடுப்பில், கையைக் கட்டிக்கொண்டு, நல்ல சிரிப்போடு நின்றான். செல்வநாயகி அதைச் சாமிப்படங்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார்.

மகள் லோஜனாவுக்கு இருபத்தாறு வயது. நகரத்தில் வங்கி வேலை. காலை ரயிலுக்கு ஓடி, மாலை ரயிலில் தூங்கி வருவாள்.

"டொக்டர்மார் நேரத்துக்கு வீட்டை வரமாட்டினம் அம்மா. எனக்கு, வேலையால வர ஏதாவது சுடச்சுடச் செய்து தாற ஒரு ஆள் போதும்" என்றாள்.

"கதையைப் பார்!" என்றார் செல்வநாயகி.

ஆனால் படத்தை அவளும் இரண்டு தரம் பார்த்தாள்.

மகேசனுக்குச் சம்பந்தம் பிடித்திருந்தது. தவராசாவின் வாய்தான் பிடிக்கவில்லை. எங்கட பாலம், எங்கட கடற்கரை, எங்கட ரக்பி லீக் அணிகள் என்று, சிட்னியைத் தானே கல்லடுக்கிக் கட்டியவர்போலக் கதைப்பார். நான்கு அழைப்புகளை மகேசன் பொறுத்துக்கொண்டார். இன்று ஐந்தாவது.

"ஆக்லாந்தில என்ன அண்ணை இருக்கு? செம்மறியும் மழையும்!" என்று தவராசா சிரித்தார்.

மகேசனின் முதுகு நிமிர்ந்தது.

"ஏன் இல்லை? எங்கட பீட்சாக் கடையில வந்து ஒருக்கா சாப்பிட்டுப் பாரும். பிறகு சிட்னியில வாய் வைக்கமாட்டீர். நேற்று எங்கட பெடியள் உங்கட சிட்னிக்காரரை லீக்கில விழுத்தினதும் தெரியும்தானே?"

மறுமுனையில் சிரிப்பு நின்றது. பிறகு தவராசாவின் குரல் மரியாதையோடு வந்தது.

"உங்களுக்குப் பீட்சாக் கடையும் இருக்கோ? சொல்லவே இல்லையே! வாரியர்ஸில எங்கட தமிழ்ப் பெடியனும் விளையாடுறானோ? உங்களுக்குச் சொந்தமோ?"

அந்த மரியாதை மகேசனின் காதுக்கு ஒரு மாதமாகக் கிடைக்காதது. "ஓம்" என்றார்.

பிறகு வெள்ளிக்கிழமைப் பயண விபரத்தைக் கேட்டுக்கொண்டு தொலைபேசியை வைத்தார்.

விசயத்தைக் கேட்ட லோஜனா சிரித்துச் சிரித்துச் சோபாவில் விழுந்தாள். "அப்பா, திரும்ப எடுத்து உண்மையைச் சொல்லுங்கோ. 'எங்கட' எண்டா எங்கட இடத்துக் கடை, எங்கட இடத்து டீம். அவ்வளவுதானே?"

மகேசன் அன்று மாலையே சிட்னிக்கு எடுத்தார். மேசையில் ஒரு தாளில் எழுதியும் வைத்திருந்தார். ஆனால் தாளில் இருந்தது வாயில் வரவில்லை.

"தவராசா, அந்தக் கடை... அது நான் தனிய எண்டில்லை..."

"பார்ட்னரும் இருக்கிறாரோ! அப்ப பெரிய யாவாரம்தான். சனிக்கிழமை கட்டாயம் கடைக்குப் போறம் அண்ணை. பெடியன்தான் வரமாட்டான். அவனுக்கு வெள்ளி, சனியிலதான் வேலை கூட."

"ஓமோம். வார இறுதியிலதானே விபத்துகள் கூட" என்றார் மகேசன்.

தவராசா சற்று யோசித்து, "அப்பிடியும் சொல்லலாம்" என்றார்.

மறுநாள் மகேசன் கோட்டுப் பொத்தானைப் பூட்டிக்கொண்டு கடைக்கு நடந்தார். ரயில் நிலையத்திலிருந்து நான்காவது கதவு. உரிமையாளர் நிக்கோவின் பாட்டனார் குரோவேஷியாவிலிருந்து வந்து பக்கத்து ஹெண்டர்சனில் திராட்சை நட்டவர். சுவரில் வாரியர்ஸ் கொடி தொங்கியது. ஞாயிறுதோறும் மகேசன் இங்கேதான் வருவார். சட்டைப் பையிலிருந்து மிளகாய்த்தூள் பொட்டலத்தை எடுத்துத் தூவி, கத்தியும் முள்ளுக்கரண்டியும் பிடித்து ஒரு பீட்சாவை முழுதாக முடிப்பார். ஆக்லாந்தில் அவர் குறை சொல்லாத ஒரே இடம் அது.

அவர் கச்சேரி ஆங்கிலத்தில் நிக்கோவிடம் விளக்கினார். சனிக்கிழமை விருந்தாளிகள் வருவார்கள். அவர்கள் முன்னால் தன்னை இங்கே கொஞ்சம் உரிமையுள்ள ஆளாக நடத்தினால் நல்லது.

"கவலையை விடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார் நிக்கோ.

அவர் பார்த்துக்கொண்டதுதான் பிழையாய்ப் போனது.

சனிக்கிழமை மதியம், மகேசன் குடும்பத்தோடும் விருந்தாளிகளோடும் கடை வாசலை அடைந்தபோது, வழமையாக விலைப்பட்டியல் எழுதும் கரும்பலகையில், 'வருக, பாஸ்!' என்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதியிருந்தது. தவராசா அதை வாய்விட்டு வாசித்தார். அவருடைய மனைவி ரதிதேவியும் வாசித்தார். அவர் விமான நிலையத்திலிருந்து இதுவரை நாலைந்து சொல்லுக்கு மேல் பேசியிருக்கவில்லை.

உள்ளே, கல்லாவுக்குப் பின்னால் சியோனே நின்றான். ஆறரை அடி உயரம், கதவை அடைக்கும் தோள். சமோவாத் தீவுக் குடும்பத்துப் பிள்ளை. பக்கத்து லீக் கழகத்தில் விளையாடுகிறவன். வாரியர்ஸ் சட்டை போட்டிருந்தான். வயதில் மூத்தவர்களை அவனுடைய வீட்டில் எப்படிக் கூப்பிடப் பழக்கியிருந்தார்களோ, அப்படியே கூப்பிட்டான்.

"ஹலோ, அங்கிள்!"

தவராசா மகேசனின் முழங்கையைப் பிடித்தார். "இவன்தானோ?"

"எவன்?"

"எங்கட விளையாட்டுக்காரன்! அங்கிள் எண்டல்லோ கூப்பிடுறான். தம்பி, சுகமோ? எந்த ஊர் நீங்கள்?"

சியோனே அன்போடு சிரித்தான்.

"இஞ்ச பிறந்தவன். தமிழ் வராது" என்றார் மகேசன். அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை என்பது அவருக்குச் சிறு ஆறுதலாக இருந்தது.

"இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லாம் அப்பிடித்தான்" என்று தவராசா பெருமூச்சு விட்டார். பிறகு அவருடைய புருவம் சுருங்கியது. "அங்கிள் எண்டா... உங்கட தங்கச்சியின்ர மகனோ? அப்ப பிள்ளைக்கு முறை மச்சான்! வீட்டில இப்பிடி ஒரு மச்சானை வைச்சுக்கொண்டு ஏன் அண்ணை வெளியில மாப்பிள்ளை தேடுறியள்?"

லோஜனாவுக்குக் குடித்த கோக் மூக்கால் வந்தது.

"சீச்சீ, தங்கச்சி மகன் இல்லை" என்று மகேசன் அவசரமாகச் சொன்னார். "தம்பியின்ர மகன்."

ஐந்து சகோதரிகளோடு ஒரே ஆண்பிள்ளையாகப் பிறந்த மகேசனுக்கு அந்தக் கணத்தில் ஒரு தம்பி பிறந்தான். செல்வநாயகி கடைக்கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப பெரியப்பா எண்டெல்லோ கூப்பிடவேணும்?"

"இஞ்ச எல்லாரும் அங்கிள்தான்."

"உங்கட தம்பி நல்ல உயரம் போல."

"ஓம்" என்றார் மகேசன். அந்தச் சொல்லே அவருக்கு இப்போது கசந்தது.

நிக்கோ வெளியே வந்து, "பாஸ், சமையலறையைப் பார்க்கிறீர்களா?" என்று குனிந்து வழிவிட்டார். மகேசன் வேண்டாமென்று கண்ணைக் காட்டினார். அதற்குள் தவராசா உள்ளே போய்விட்டார்.

உள்ளே போனவர் வேறு ஆளாகிவிட்டார். பிசைந்து வைத்த மாவை ஒரு விரலால் அமுக்கிப் பார்த்தார். அடுப்புக் கதவைத் திறந்து, சூட்டைக் கணிக்கக் கையை நீட்டி எண்ணிக்கொண்டு நின்றார்.

"மா எத்தனை மணித்தியாலம் பொங்க விடுறியள் அண்ணை?"

மகேசன் நிக்கோவைப் பார்த்தார். தமிழ் விளங்காத நிக்கோ, முதலாளியின் மரியாதையைக் காக்கும் எண்ணத்தில், தலையை மட்டும் ஆட்டினார்.

"தேவையான அளவு" என்றார் மகேசன்.

"தண்ணி கொஞ்சம் கூட. ஆனா அடுப்பு பத்தரைமாற்று!"

டொக்டருக்குத் தகப்பன் இதெல்லாம் எங்கே படித்தார் என்று மகேசன் வியந்தார். தங்களுக்குத் தெரியாத விசயம் இருப்பதாகச் சிட்னிக்காரர்கள் ஒப்புக்கொள்ளமாட்டார்கள் என்று தனக்குத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார்.

பீட்சா வந்தது. எல்லோரும் சாப்பிட்டார்கள். ரதிதேவி மூன்றாவது துண்டையும் எடுத்தார். தவராசா மென்றார், கண்ணை மூடினார், மீண்டும் மென்றார். "எங்கட சிட்னியில இது இல்லை" என்றார்.

ஒரு மாதமாகக் காத்திருந்த வார்த்தை. மகேசனால் அதை அனுபவிக்க முடியவில்லை. ஏனென்றால் தவராசா கையைத் துடைத்துக்கொண்டு கதிரையை முன்னால் இழுத்தார்.

"அண்ணை, வெளிப்படையாக் கதைப்பம். எங்களுக்குச் சீதனம் ஒண்டும் வேண்டாம். நகை வேண்டாம், வீடு வேண்டாம். இந்தக் கடையில உங்கட பங்கைப் பிள்ளையின்ர பேரில எழுதி விடுங்கோ. பெடியன் இஞ்சயே வந்திடுவான்."

செல்வநாயகி கணவனைப் பார்த்தார். லோஜனா சிரிப்பை நிறுத்திவிட்டாள். தகப்பனின் முகம் இப்படி வெளிறி அவள் பார்த்ததில்லை.

மகேசன் எழுந்தார். கோட்டின் பொத்தானைப் பூட்டினார். கச்சேரியில் பிழையான கோப்பொன்றை மேலதிகாரியிடம் ஒப்படைப்பதுபோலப் பேசினார்.

"தவராசா, இந்தக் கடை நிக்கோவின்ர. எனக்கு இதில இருக்கிற பங்கு, ஞாயிற்றுக்கிழமை இருக்கிற அந்தக் கதிரை மட்டும்தான். எனக்குத் தம்பி எண்டு ஒருத்தரும் இல்லை. சியோனே நல்ல பெடியன். ஆனால் எனக்குச் சொந்தமும் இல்லை, வாரியர்ஸில விளையாடுறவனும் இல்லை. நீர் உம்மட ஊரை எங்கட, எங்கட எண்டு சொன்னீர். நானும் என்ர ஊரை எங்கட எண்டு சொன்னன். நீர் வேற மாதிரி விளங்கிக்கொண்டீர். நான் திருத்தேல்லை. அந்தப் பிழை என்ர. அதுக்காக என்ர பிள்ளையைக் குறைவா நினைக்கவேண்டாம்."

சொல்லி முடித்ததும் உட்கார்ந்தார். முதுகு மட்டும் வளையவில்லை.

லோஜனா மேசைக்குக் கீழே அவருடைய கையைப் பிடித்தாள்.

தவராசாவின் முகம் மெல்லச் சிவந்தது. சால்வையை உதறித் தோளில் போட்டார்.

"இது பெரிய அநியாயம் அண்ணை! நாங்கள் கடையை நம்பிக் கடல் தாண்டி வந்தனாங்கள். ஒரு டொக்டர் பெடியனுக்கு வாற சம்பந்தத்தில இப்பிடியும் ஒரு ஏமாத்து நடக்குமோ? நாங்கள் எவ்வளவு கௌரவமான..."

ரதிதேவி கடைசித் துண்டைத் தட்டில் வைத்துவிட்டு, விரல்களைத் துடைத்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னார்:

"எங்கட டொக்டர் எண்டு இவர் சொன்னது இவற்ர பிறஷருக்கு மருந்து எழுதுற பெடியனை, அண்ணை, எங்கட மகன் பீட்சா போடுறவன்."