சிமென்ட் சுமக்கப் போகும் விமானம்

குய்பிஷெவ்,
மார்ச் 1966

மதிப்பிற்குரிய டாக்டர் அத்தான் ப்ரோஹோர் அவர்களுக்கு,

மைத்துனன் தீஹன் வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி ரயீசாவும் நலம். பெச்சோரா ஆற்றுச் சேறு ஏறாத உயரத்தில் நீங்களும் அக்காவும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

போன வசந்தத்தில் பிரசவ வலியில் துடித்த பெண்ணை டிராக்டரில் ஏற்றி அனுப்பியதாக எழுதியிருந்தீர்களே, அதைப் படித்த பிறகு எங்கள் விமான வடிவமைப்புக் கூடத்தில் நான் வேறெதையும் வரையவில்லை. காத்தாடி சுற்றிப் பறக்கும் சின்ன விமானம், சேற்றிலும் இறங்கும், மாதிரி ஒன்று பறந்தும் காட்டியது. எந்த விமானத்தைச் செய்வது என்று முடிவெடுக்க மாஸ்கோவிலிருந்து தோழர் கிலேப் அர்கிப்போவிச் தலைமையில் ஒரு குழு வந்தது. தலைவர் என் மாதிரியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, இதுல ஜெட்டு எங்கே?" என்றார். "இதுக்கு ஜெட்டு வேண்டாங்க தோழரே." "வெளிநாட்டுக்காரன் ஜெட்டு காட்டுறான். நாம காத்தாடி சுத்திக்கிட்டிருந்தா சிரிக்க மாட்டானா?" நான் விடவில்லை. "எங்க அத்தான் ஊருக்கு வெளிநாட்டுக்காரன் வரமாட்டான், பிள்ளைத்தாச்சிதான் வருவா. ஜெட்டு இறங்கக் கான்கிரீட் பாதை வேணும். அங்கே கன்னுக்குட்டி நிக்கவே தரை இல்ல." "பாதை போட்டுட்டாப் போச்சு." "சிமென்ட்டு எதுல போகும்? ரோடும் இல்ல, ரயிலும் இல்ல!" தலைவர் சர்க்கரைக் கட்டியைப் பல்லில் கடித்தபடி தேநீரை உறிஞ்சினார். "உன் விமானம் அந்தச் சேத்துல இறங்குமா?" வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல், "ஜோரா இறங்கும்!" என்றேன். "அப்போ சிமென்ட்டு அதுலயே போகட்டும். சீட்டையெல்லாம் கழட்டு."

ஒருமனதாக முடிவாயிற்று, அத்தான். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டித் தொலைத்தேன். என் விமானம் சிமென்ட் சுமந்து ஜெட்டுக்குப் பாதை போடும், பாதை முடிந்த அன்றே அதை ஓரங்கட்டிவிடுவார்கள். "தன் குழியைத் தானே தோண்டிக்கிற விமானத்தை உலகத்துலயே நீங்கதான் முதல்ல செஞ்சிருக்கீங்க" என்கிறாள் ரயீசா. முட்டைக்கோஸ் சூப்பை அப்படியே வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். உங்கள் முகத்தில் எப்படி விழிப்பேன்?

அக்காவுக்கும் உங்கள் நோயாளிகளுக்கும் என் அன்பு. எல்லோரும் கோடை வரை நோயில்லாமல் இருக்கட்டும்.

தங்கள் மைத்துனன்,
தீஹன்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கூடத்திலிருந்து ஆள் வந்தது. அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் வரை ஒரு மூட்டை சிமென்ட்கூடக் கிடையாதாம். ஆனால் விமானத்துக்கு உத்தரவு கையெழுத்தாகிவிட்டது, இனி மாற்ற முடியாதாம். "சிமென்ட்டு வர்ற வரைக்கும் காலியாப் பறக்கக் கூடாது, மனுஷங்களையாவது ஏத்துங்க" என்று சொல்லிவிட்டார் தலைவர். விமானம் இறங்க மேய்ச்சல் நிலத்து வேலிக் கம்புகளைப் பிடுங்கி வையுங்கள் அத்தான். முதல் விமானத்தில் நானே வருகிறேன்.