பரல் மாமாவும் எங்கள் அடுப்பும்

பிளாஸ்டிக் பரலுக்குக் கம்பளி போர்த்திவிட்ட ஒரே மனிதர், இந்த உலகத்தில் எங்கள் பரல் மாமாதான். அவருக்குப் பக்கத்து வீட்டுக்காரனாக வாய்த்த பாவி நான்.

பட்டிப்பொலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் எங்களுடையது. கொழும்பிலிருந்து ஓர் ஐயா வந்து, லயத்து வரிசையில் வீட்டுக்கொரு பரல், அதாவது மூடி போட்ட பீப்பாய், கொடுத்தார். மரக்கறிக் கழிவைப் போட்டு மூடினால் சில வாரத்தில் உரமாகிவிடும், குப்பையே இருக்காது என்றார். அவர் ஊர் வெயிலில் ஆகும். எங்கள் குளிரில், போட்ட கோவா இலை பிரிஜ்ஜில் வைத்தது போலப் பச்சையாகவே கிடந்தது. எல்லாரும் பரலைக் கழுவித் தண்ணீர் பிடித்துக்கொண்டார்கள். மாமாவுக்கு மட்டும் ரோஷம் வந்துவிட்டது.

"அந்தய்யாவுக்கு நம்ம குளிரு தெரியாது தம்பி. பரலுக்குச் சூடு காட்டணும்."

காட்டினார். எங்கள் வீட்டுச் சூட்டை! மகளைக் கொழும்பில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்த அவர் வீட்டில் அடுப்பு எரிவதே அபூர்வம். அதனால் எங்கள் விறகடுப்புக்குப் பின்புறச் சுவரோடு வெளியே பரலை ஒட்டிவைத்து, கம்பளியும் சுற்றிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் சமையலுக்கு அவர்தான் கண்காணி. ஒருநாள் கல்யாண வீட்டில் சாப்பிட்டுவிட்டு வருகிறோம், வாசலில் நிற்கிறார்.

"என்ன தம்பி, இன்னைக்கு ஒலை வைக்கலையா?"

"கல்யாணத்துல சாப்பிட்டோம் மாமா."

"நீங்க சாப்பிட்டுட்டீங்க. பரலு?"

நாற்றம் வேறு. என் மனைவி செல்வி மூக்கைப் பொத்திக்கொண்டே சமைத்தாள். பொறுக்க முடியாமல் காஸ் அடுப்பு வாங்கினேன். மறுநாள் காலையில் வாசலில் ஒரு கட்டுத் தேயிலை மிலாறு விறகு கிடந்தது. பக்கத்தில் மாமா.

"காஸ் சோறு ஒடம்புக்கு ஆகாது தாயி. வெறகு நான் கொண்டாந்து தர்றேன்."

செல்வி பையை எடுத்துவிட்டாள். "ஒண்ணு அந்தப் பரலு இருக்கணும், இல்ல நான் இருக்கணும். முடிவு பண்ணிட்டுச் சொல்லுங்க!" வட்டவளைக்கு, தாய்வீட்டுக்கு ரயிலேறிவிட்டாள்.

மாமாவிடம் தொண்டை கிழியக் கத்தினேன். நான் கடைப் பாண் தின்று நாளை ஓட்ட, அவர் சொல்லாமல் கொள்ளாமல் வட்டவளைக்குப் போய்விட்டார். மாலையில் பார்த்தால், செல்வி முன்னால் வர, அவள் பையைத் தூக்கிக்கொண்டு மாமா பின்னால் வருகிறார்.

"மாமா மன்னிப்புக் கேட்டாங்களா?" என்றேன்.

"அதெல்லாம் இல்ல. 'நீ இல்லாம பரலு குளுந்துபோச்சு தாயி'ன்னு வாசல்ல நின்னு அழுவுறாங்க. எங்கம்மா பயந்துட்டாங்க!" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஒருவழியாகப் பரல் கனிந்தது. நாற்றம் போய், மழை நனைத்த மண் போல மணத்தது. அத்தனை உரத்தையும் செல்வியின் லீக்ஸ் பாத்தியில் கொட்டிவிட்டுப் போனார், மனிதர்.

இப்போது மாமா, பரலை எங்களிடம் விட்டுவிட்டு, கொழும்பில் மகள் வீட்டில் இருக்கிறார். அங்கே குப்பை தானாகவே மக்குகிறதாம், போனில் அலுத்துக்கொள்கிறார். எங்கள் சுகம் விசாரிப்பதெல்லாம் பரலை விசாரித்த பிறகுதான்.

காஸ் அடுப்பு இருந்தும் செல்வி தினமும் காலையில் விறகடுப்பைப் பற்றவைக்கிறாள். எதற்கு இந்தப் புகை என்று எரிந்து விழுந்தால், "மாமா கேப்பாங்கல்ல, என்ன சொல்றது?" என்கிறாள். நானும் முனகிக்கொண்டே பின்பக்கம் போய், காற்றில் விலகிய கம்பளியைச் சரியாகப் போர்த்திவிட்டு வருகிறேன்.