மணையில் ஒரு கர்சீப்

திருத்தணியில் புறப்படும் காலை மின்சார ரயிலில் முதல் ஆளாக ஏறி, ஜன்னலோர இருக்கையில் கர்சீப் போட்டு இடம் பிடித்து, சென்னை வரை அதில் உட்காராமலே வந்த மனிதர் உலகத்தில் ஒருவர்தான். எங்கள் பெட்டியில் அவருக்குப் பெயர் ‘ஸ்டாண்டிங்’. இயற்பெயர் அவருடைய சீசன் டிக்கெட்டுக்கு மட்டுமே தெரியும்.

இடுப்பிலிருந்து கால் நெடுக இறங்கும் நரம்பு வலி. உட்கார்ந்தால் உயிர் போகும்.

“இடுப்புல ஏறி, தொடையில கிராசிங் போட்டு, குதிகால்ல இறங்குது சார். டிக்கெட்தான் எடுக்கறதில்ல” என்பார்.

பிடித்த இடத்தை அன்றைக்கு எவர் முகம் அதிகம் வாடியிருக்கிறதோ அவருக்கு வழங்கிவிடுவார். கட்டுப் போடாத வலியை நம் சமூகம் எளிதில் நம்புவதில்லை; ஆனால் வைத்தியம் சொல்லத் தயங்குவதுமில்லை. எலும்பே முறியாத அவரை, எலும்பு வைத்தியத்துக்குப் பேர்போன புத்தூருக்குப் போய்க் கட்டுப் போடச் சொன்னவர்கள் உண்டு. அவரோ பிசியோதெரபியை மட்டும் விடவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னால் நீட்டுவார்; யாருடைய சாம்பார் சாதமாவது கவிழும். வலி மட்டும் அசையவில்லை.

இந்நிலையில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தாரை வார்க்கத் தகப்பன் மணையில் உட்கார வேண்டும். அக்கா வீட்டுக்காரரான பாவா, உனக்கெதற்கு அவஸ்தை, நானும் உன் அக்காவும் உட்கார்ந்துவிடுகிறோம் என்று முன்வந்தார்.

“பொண்ணு என்னுது பாவா. வலியும் என்னுது” என்றார் ஸ்டாண்டிங்.

மறுநாளே ரயிலில் பயிற்சி தொடங்கியது. திருவாலங்காட்டில் உட்காருவார், பெட்டியே மூச்சைப் பிடித்துக்கொள்ளும், அடுத்த ஸ்டேஷனான மணவூரில் துள்ளி எழுவார். கல்யாண நாள் நெருங்கியும் மணவூரைத் தாண்ட முடியவில்லை. தாரை வார்ப்பதோ அதைவிட நீண்ட பயணம்.

முகூர்த்தத்தன்று விருந்தாளிகளுக்கு முன்பே வலி வந்து சேர்ந்திருந்தது. ஸ்டாண்டிங் தூணைப் பிடித்தபடி வெளிறி நின்றார். பாவா வேட்டியைச் சரிசெய்துகொண்டு மணையை நெருங்கினார். மணையின் மேல் மடித்த கர்சீப் ஒன்று கிடந்தது. போட்டவள் மணப்பெண்.

“அது எங்க நைனா இடம் மாமா. கர்சீப் போட்டிருக்கு. ஆளு வந்துகினு இருக்காரு.”

பாவா திரும்பிப் போய் முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தார். ஸ்டாண்டிங் தூணை விட்டு, நொண்டியபடியே மணைக்கு வந்தார். கர்சீப்பை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். உட்காரவில்லை.

“நின்னுகினு வார்த்தா ஆவாதா சாமி?”

புரோகிதர் பதில் சொல்வதற்குள் மகள் எழுந்து நின்றாள். மாப்பிள்ளையும் எழுந்தார். பெட்டிக்காரர்களான நாங்களும் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு எழுந்தோம். கடைசியாக மூக்கைச் சொறிந்தபடி பாவாவும் எழுந்துவிட்டார். இவ்வளவு பேரை உட்காரவைக்க எந்த மந்திரமும் இல்லையென்று புரோகிதருக்குப் புரிந்திருக்க வேண்டும்.

“ஆங், ஆவட்டும். முகூர்த்தம் காத்துகினு இருக்காது” என்றார்.

மனைவி சொம்பைச் சாய்க்க, ஸ்டாண்டிங் நிமிர்ந்து நின்று தாரை வார்த்தார். கெட்டிமேளம் அடங்கியதும் எங்களைத் தேடி வந்தார்.

“எப்டி சார்? ஸ்டாண்டிங்லயே கொண்டாந்து சேத்துட்டேன் பாத்தீங்களா?”

வலி இன்றும் அவரோடுதான் பயணம் செய்கிறது. பயிற்சிகளும் நடக்கின்றன, சாம்பார் சாதங்களும் கவிழ்கின்றன. அவர் விடுப்பெடுக்கும் நாள்களில் மட்டும் அந்த ஜன்னலோர இருக்கை அரக்கோணத்துக் கூட்டத்தையும் தாண்டிக் காலியாகவே வருகிறது. அதன் பக்கத்தில் நாங்கள் நின்றுகொண்டு வருகிறோம்.