இணையதளத்துக்குப் போர்த்திய பொன்னாடை

பார்வையற்றவர்களுக்கு மரியாதை செய்யும் இணையதளங்கள் உலகில் பல உண்டு. பார்வையற்றவர்கள் ஊருக்கெல்லாம் மரியாதை செய்துவிட்டு உள்ளே வரும் இணையதளம் செஞ்சியில் மட்டுமே உண்டு. அது எங்கள் கல்லூரியுடையது. இப்படி அடித்துச் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம்தான். முதல்வர் சொல்லலாம் என்றார்.

நான் மாலை வகுப்பில் கணினிப் பட்டயம் படிப்பவன். கையெழுத்து சுமாராக இருப்பதால் 'அணுகல் மேம்பாட்டுக் குழு'வின் நடவடிக்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனவே நடந்ததை வரிசையாகச் சொல்ல முயல்கிறேன்.

'படங்கள் எல்லாவற்றுக்கும் விளக்கம் எழுதுங்கள். பார்வையற்றோருக்குக் கணினிக் குரல் அதை வாசித்துக் காட்டட்டும்' என்று மேலிடத்து ஆணை வந்தது. எங்கள் தளம் முழுக்கப் படம்தான். படம் முழுக்கப் பொன்னாடைதான். 'தாளாளருக்குப் பொன்னாடை' என்று சுருக்கமாக எழுத முதல்வர் இராமச்சந்திரன் சம்மதிக்கவில்லை. 'செஞ்சிக் கோட்டை பின்னணியில், கல்வி வள்ளல், கருணைக் கடல்' என்று அவரே தொடங்கினார். எல்லோருக்கும் பட்டம், பதவி, முன்னாள் பதவி எல்லாம் சேர்ந்தன.

தளம் அமைத்த குரு மெல்லச் சொன்னார்: "சார், இதெல்லாம் தாண்டிப் போறதுக்கு ஒரு பட்டன் வெச்சிடலாம்."

"தாளாளரத் தாண்டிப் போறதா? மேடையில அப்படிப் பண்ணுவியா நீ?"

பட்டன் கைவிடப்பட்டது. பார்வையற்றோருக்கான 'குரல் பக்க'த்தில் எல்லாப் பெயரையும் கேட்டு முடித்த பிறகே தேர்வுப் பதிவு திறக்கும் என்று தீர்மானித்தோம். யாரும் தொடாமல் கிடக்கும் பக்கம் பாதுகாப்புக்காகச் சற்று நேரத்தில் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்பது வேறொரு குழுவின் தீர்மானம். அந்தக் குழுவும் திறம்படவே பணியாற்றியிருந்தது.

தேர்வுப் பதிவின் கடைசி நாள். பனமலையிலிருந்து பஸ் ஏறி பூங்குழலி வந்தார். வரலாறு மூன்றாமாண்டு மாணவி. பார்வையற்றவர்.

"சார், காத்தாலருந்து போன காதுலயே வெச்சினு இருக்கறேன். தொணைத் தலைவருக்கு மால போடறதுக்குள்ள பக்கம் மூடிக்குது. மறுபடியும் தாளாளர்கிட்டருந்து ஆரம்பிக்குது."

முதல்வர் நெகிழ்ந்தார். "எல்லார் பேரும் மனப்பாடம் ஆயிட்டிருக்குமே!"

"ஆயிடுச்சி சார். பரீட்சையில அத்த கேக்க மாட்டாங்களே. கோட்டையில ராஜகிரி உச்சிக்கே ஏறி எறங்கிடலாம், ஒங்க பொன்னாடையத் தாண்ட முடியல. இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடியுது. இந்த வருசம் எழுதலன்னா பி.எட். சீட்டு போச்சு சார்."

பொதுப் பக்கத்தில் நான் பதிந்து தரட்டுமா என்று கேட்டேன். குரு உதட்டைப் பிதுக்கினார்.

"அவங்க நம்பருக்கு அது தொறக்காது. யார் தயவும் இல்லாம குரல் பக்கத்துலயே சுதந்திரமா பதியணும்னு நீங்கதானே தீர்மானம் போட்டீங்க?"

குறிப்பைப் புரட்டினேன். போட்டிருந்தோம்.

அவசரக் கூட்டம் கூடியது. பொருள்: யார் பெயரை எடுப்பது?

உடற்கல்வி இயக்குநர் ரஞ்சனி எழுந்தார். "என் பேர எடுத்துடுங்க சார். அந்தப் பொண்ணு பாவம்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. இப்பேர்ப்பட்டவரின் பெயரை எப்படி எடுப்பது? 'பெருந்தன்மையின் சிகரம்' என்று அதற்கு முன்னால் ஒரு பட்டம் சேர்க்கப்பட்டது. வாழ்த்து இன்னும் கொஞ்சம் நீண்டது.

"டைம் ஆவுது சார்," என்றார் பூங்குழலி.

"கவலப்படாதம்மா. உன்ன விட்டுடுவமா?" முதல்வரின் முகம் பிரகாசித்தது. பஜாருக்கு ஆள் ஓடியது. பொன்னாடை வந்தது, போர்த்தப்பட்டது, படம் எடுக்கப்பட்டது. 'தன்னம்பிக்கைச் சுடர், பனமலையின் பெருமை, செல்வி பூங்குழலி அவர்களுக்கு' என்று தொடங்கிய விளக்கத்தைத் தாளாளருக்கும் மேலே வைத்தோம். இந்தத் தியாகத்துக்குத் தாளாளரே போனில் ஒப்புதல் தந்தார். அது வருவதற்குள் மணி ஐந்தைத் தாண்டியிருந்தது.

பூங்குழலி பொன்னாடையை மடித்து மேசைமேல் வைத்தார். "இத்த போத்திகினு எந்த ஹாலுக்கு சார் போறது?"

அது கூட்டப் பொருளில் இல்லாததால் விவாதிக்கப்படவில்லை.

இன்று குரல் பக்கத்தைத் திறந்தால் முதலில் ஒலிப்பது அவர் பெயர்தான். ஆண்டறிக்கையில் இருக்கிறது, நுழைவாயில் பேனரில் இருக்கிறது, விருதுக்கான விண்ணப்பத்தில் மூன்று இடத்தில் இருக்கிறது. எதற்கும் இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன். தேர்வு எழுதுவோர் பட்டியலைத் தவிர வேறெங்கும் நாங்கள் அவரை விட்டுவிடவில்லை.