அரை ஆயுள் போன அபார்ட்மெண்ட்

கிழக்குத் தாம்பரம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி ஜெபகுமாருக்கு அக்கா தபீதாள் எழுதுவது. ஆண்டவர் கிருபையால் முட்டிவலியைத் தவிர எனக்கு வேறு குறையில்லை. கூடுவாஞ்சேரியில் நீயும் ஜாஸ்மினும் சுகம்தானே? என் வாய்ஸ் மெசேஜை எல்லாம் நீ டபுள் ஸ்பீடில் ஓட்டிக் கேட்கிறாய் என்று தெரிந்துவிட்டதால் காகிதத்தில் எழுதுகிறேன். இதை ஓட்ட முடியாது, உட்கார்ந்து படி.

"பேசாம அந்த உலையை எடைக்குப் போட்டுட்டு எங்க வீட்டுக்கு வந்துடுக்கா" என்றாய். போட மாட்டேன். வரவும் மாட்டேன். ரிட்டையர் ஆன அன்று சால்வை போர்த்தி "நல்லா ரெஸ்ட் எடுங்க மேடம்" என்றவர்களின் ஆபீஸ் ஏலத்திலேயே அந்த மின்சார உலையை எடுத்துவந்து பால்கனியில் வைத்தவள் நான். நீ கல்யாண வீடுகளில் "அக்கா அணுகுண்டு டிபார்ட்மெண்ட்" என்று சொல்லித் திரிவதால் இன்னொரு தடவை சொல்கிறேன். அணுஉலைக் கழிவில் இருக்கும் கதிர்வீச்சு அணுக்களைத் தண்ணீர் பட்டாலும் கசியாதபடி ஒரு செயற்கைக் கல்லுக்குள் பூட்ட வேண்டும். அந்தக் கல்லைச் சுட்டெடுப்பதுதான் என் வேலை. வீட்டில் கதிர்வீச்சுப் பொருள் ஒரு சிட்டிகை கிடையாது. ரசாயனத்தில் அதே குணமுள்ள, ஆனால் கதிர்வீச்சு இல்லாத சீரியம் என்கிற சாதுவான உலோகத்தின் பொடியைத்தான் போடுகிறேன். சர்வீஸ் முழுக்க நான் சுட்ட ஒவ்வொரு கல் வில்லையும் ஆறும்போது கீறல் விட்டது. மேலே இருந்தவர்கள் சிரித்தார்கள், கடைசியில் என்னை ஃபைல் பார்க்கப் போட்டார்கள். இப்போது பால்கனியில் சுட்ட ஒன்று, புளியங்கொட்டை அளவுதான், கீறவில்லை. இன்னும் ஒரே ஒரு சூடு பாக்கி. அதையும் தாங்கிவிட்டால், கீறாத கல்லைச் சுட முடியும் என்று இத்தனை வருஷம் நான் சொன்னது சரி. இந்த நேரத்தில் உலையைத் தூக்கு என்றால் எனக்கு எப்படி இருக்கும்?

வினை ஒரு வார்த்தையால் வந்தது. அசோசியேஷன் மீட்டிங்கில் செகரட்டரி சாம்பசிவன் "பால்கனியில அணு வெச்சிருக்கீங்களாமே" என்றார். புரியும்படி சொல்லலாமே என்று, கதிர்வீச்சுப் பொருளின் வீரியம் பாதியாகக் குறைகிற காலத்துக்கு அரை ஆயுள் என்று பேர், அந்த மாதிரிப் பொருளே என் வீட்டில் இல்லை என்றேன். அவங்க காதுல விழுந்தது அரை ஆயுள் மட்டும்தான். நான் படியேறி வர்றதுக்குள்ள, மேடம் வீட்டு அடுப்பால நம்ம எல்லாருக்கும் ஆயுள் பாதி, அவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு வாட்ஸ்அப் குரூப்புல வந்துடுச்சு. மறுநாள் சாம்பசிவன் கதவைத் தட்டி, "எனக்கு எழுபத்தி நாலு மேடம். பாதின்னா முப்பத்தேழு. அப்ப நான் ஏற்கெனவே..." என்று இழுத்தார். பாவமாத்தான் இருந்தது. ஞாயித்துக்கிழமைக்குள்ள உலையை எடுக்கணும்னு நோட்டீஸை நீட்டினதும் அந்தப் பாவமும் போச்சு. பக்கத்து வீட்டு ஹஃபீசா மட்டும், "நீங்க பேஜார் ஆகாதீங்கக்கா, அவர் போட்ட லிஃப்டே நம்ம பாதி ஆயுளை எடுத்துடுச்சு" என்றாள்.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கிட்டு வந்தது. கதிர்வீச்சு இருந்தா டிக் டிக்னு அடிக்கிற மீட்டர் ஒண்ணு எங்கிட்ட இருக்கே, அதை எடுத்துக்கிட்டு எல்லாரையும் பால்கனிக்குக் கூப்பிட்டேன். உலைகிட்ட வெச்சா, எங்கே வெச்சாலும் அடிக்கிற மாதிரி தூங்கி வழிஞ்சு எப்பவோ ஒரு டிக். அப்படியே கீழ லாபிக்குக் கூட்டிட்டுப் போய், சாம்பசிவன் பிடிவாதமா நின்னு போட்ட புது கிரானைட் தரையில வெச்சேன். கோழி தானியம் கொத்துற மாதிரி அடிக்குது! கிரானைட்டுல இயற்கையாவே கொஞ்சம் இருக்கும், உடம்புக்கு ஒண்ணும் பண்ணாதுன்னு தொண்டை வத்தச் சொன்னேன், யாரு கேட்டாங்க? எல்லாரும் சுவரோரமா ஒதுங்கிட்டாங்க. சாம்பசிவன் எந்தக் காலைக் கீழ வெக்கிறதுன்னு தெரியாம நின்னார். என் நோட்டீஸ் அங்கேயே வாபஸ்.

ஆகையால் ஜெபா, உலை இங்கேதான், நானும் இங்கேதான். அந்த ஒரு சூடு முடியும்வரை இந்தத் தாம்பரத்தை விட்டு ஒரு அடி நகரமாட்டேன். யார் கூப்பிட்டாலும் நகரமாட்டேன், நீ உட்பட. ஜாஸ்மினுக்கு என் ஆசீர்வாதம். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
அசையாத உன் அக்கா,
தபீதாள்.

பி.கு.: நேற்று எழுதியதைத் தபாலில் போடுவதற்குள் லாபி கிரானைட்டை உடைக்க ஆரம்பித்துவிட்டார்கள். ட்ரில் போட்டவன் என் வீட்டுக்கு வர்ற கரண்ட் ஒயரையும் அறுத்துட்டான், சரிபண்ண ஒரு மாசம் ஆகுமாம். கல்லு அதுவரைக்கும் காத்திருக்காது, நானும்தான். அடுத்த வாரம் சனிக்கிழமை காலையில டெம்போவில உலையோட வர்றேன், பால்கனியைக் காலி பண்ணி ஒரு பவர் பிளக் போட்டு வை. உங்க கிச்சன் மேடை கிரானைட்தானே? ஜாஸ்மின்கிட்ட எதுவும் சொல்லாதே, மீட்டரை ஹஃபீசா வீட்டுல குடுத்துட்டு வர்றேன்.