பெருந்துறை பம்பு கம்பெனியில் கை நனைத்த விவரம்

அன்பும் அடக்கமும் மிக்க அக்கா மகள் மெர்சிக்கு, கணபதியிலிருந்து உன் மாமன் பிரான்சிஸ் எழுதிக்கொள்வது. ஆண்டவர் தயவில் இங்கு நான், உன் அத்தை, புது மிக்ஸி மூவரும் சுகம். சரவணம்பட்டி ஹாஸ்டலில் நீயும் உன் தடித்தடிப் புத்தகங்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம். போன்ல சொன்னா பாதியில கட் பண்ணிருவே, அதுக்குத்தான் கடுதாசி.

லீவுல காலேஜ்லயே இருந்து சம்மர் கிளாஸ்ல கணக்குப் பேப்பரை முடிக்கறதா, இல்லை பெருந்துறை பம்பு கம்பெனிக்கு இன்டர்ன்ஷிப் போறதா, திங்கக்கெழமைக்குள்ள சொல்லோணும், மண்டை காயுது மாமான்னு அழுதியல்லோ? அழுவாதே கண்ணு. நானே நேர்ல போயி முடிச்சுப்போட்டு வந்துட்டேன். இன்டர்ன்ஷிப்தான்!

பொண்ணை ஒரு எடத்துக்கு அனுப்பறதுன்னா மாப்பிள்ளை ஊடு பாக்கற மாதிரி பாக்கோணுமல்லோ. வெள்ளை வேட்டி, ஒரு சீப்புப் பழம், பக்கத்து ஊட்டு சுஃப்யான் காரு. மொதல்ல எதுத்தாப்புல டீக்கடையில விசாரிச்சேன். "ஏனுங்க, கம்பெனி குணம் எப்படிங்க?" "சத்தம் ஜாஸ்திங்க, மனசு தங்கமுங்க"ன்னாரு. உள்ள காலெடுத்து வெச்சேன், அத்தனை மெஷினும் ஒரே நேரத்துல நின்னுபோச்சு. கரண்ட் போயிருச்சுன்னு சுஃப்யான் சொல்றான், மரியாதைன்னா அவனுக்கு என்ன தெரியும்?

மேனேஜர் ஜெயக்கொடி அம்மா பழத்தைப் பாத்துட்டு, "எதுக்குங்க இதெல்லாம், பொண்ணு சரின்னு ஒரு மெயில் போட்டாப் போதுமேங்க"ன்னாங்க. "மெயில்ல மொகம் தெரியுமுங்களா?"ன்னேன். அசந்துட்டாங்க. டீ குடிங்கன்னாங்க. சம்பந்தம் முடிவாகாம அந்த ஊட்டுல கை நனைக்கறது நம்ம வழக்கமில்லீங்கன்னு சொல்லிட்டேன். பச்சத்தண்ணிகூடத் தொடலை.

அப்புறம் உனக்கு ஒதுக்கியிருக்கற மேசையக் காட்டுனாங்க. ஒரு பம்பை முழுசாப் பிரிச்சு மாட்டலாமாம், உன் கையாலயே! எனக்குப் புல்லரிச்சுப்போச்சு கண்ணு. அந்நேரம் பாத்துக் கேன்டீன்ல இருந்து பள்ளிபாளையம் சிக்கன் வாசம். உன் எதிர்காலத்தை நெனைச்சு எலை முன்னால உக்காந்துட்டேன். காரம் பத்தலைன்னு சமையல்காரரைக் கூப்புட்டுப் பாடம் எடுத்தேன். ஆயிரம் எலைக் கல்யாணத்துக்குத் தனியா ஆக்கிப் போட்டவனாக்கும்னு பேச்சோட பேச்சாச் சொன்னேன், ஜெயக்கொடி அம்மா வாயில வெச்ச கையை எடுக்கலை.

ஆக, கை நனைச்சாச்சு. இனி நீ சம்மர் கிளாஸுன்னு பின்வாங்குனா நம்ம குடும்பத்துக்கே தலைகுனிவு, சொல்லிப்போட்டேன்.

மோட்டார் போட்ட கெணத்துத் தண்ணி மாதிரி நீ மேல மேல ஏறி வர வாழ்த்தும்,
உன் மாமன் பிரான்சிஸ்.

பின்குறிப்பு: கவரை ஒட்டறதுக்குள்ள ஜெயக்கொடி அம்மா போன். கேன்டீன் பொறுப்பை நானே ஏத்துக்கோணுமாம். "வாரேனுங்க"ன்னுட்டேன். ஒரே குடும்பத்துல ரெண்டு பேரை எடுக்கறதில்லைன்னு அப்புறந்தான் சொல்றாங்க. அதனால நீ சம்மர் கிளாஸுக்கே போ கண்ணு, படிப்புதான் முக்கியம்னு நான் எப்பவும் சொல்றதுதானே? பிரிச்சு மாட்டத்தான் ஆசைன்னா ஊட்டுல புது மிக்ஸி இருக்குது. அப்புறம், சாம்பார் எப்படி வெக்கறதுன்னு உங்கம்மாகிட்டக் கேட்டு அவசரமா எழுது. ஆயிரம் எலைக்கு.